செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பிப்ரவரி 6

வணக்கம்.

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். நீங்கள் முன்பு இருந்த வீட்டில் இப்போது இருப்பவள் நான். நீரேற்று நிலையக் குவார்ட்டர்ஸில் வரிசையின் கடைசி வீடு. உங்களுக்கு விவாகரத்து ஆன மறு வருடம் அவருக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது. இதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

போன வாரம் மகளுடைய தடுப்பூசி அட்டையை அவர் மேஜை இழுப்பறையில் தேடியபோது உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் படிப்புச் சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி மூன்று வருடத்துக்கு முன்பு எழுதியிருந்தீர்கள். கடிதத் தலைப்பில் 'கார், லாரி எலக்ட்ரிக்கல் வேலைகள்' என்று அச்சடித்திருந்தது. அந்த வரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும். கேட்பதற்கு எனக்கு வேறு யாருமில்லை.

என் அப்பா இறக்கும் முன் தன் காரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய பெட்ரோல் கார். போன மாதம் திடீரென்று நின்றுவிட்டது. "இன்ஜின் செத்துப்போச்சு. மெக்கானிக் வந்து பார்த்துட்டுப் போயிட்டான். நீ தொடாதே" என்கிறார் அவர். அந்த மெக்கானிக்கை நான் பார்க்கவில்லை. அன்று பள்ளிக்கு லீவு, நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன்.

குட்டிக்கு நாலு வயது. மூச்சிரைப்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு முன், ஒரு ஞாயிறு மதியம், அவர் வெளியே போயிருந்தபோது அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. போனுக்கு டயல் பூட்டு, சாவி அவரிடம். காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். கிர் கிர் என்று நன்றாகச் சுற்றியது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் வாசம் குப்பென்று வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலையத்து மருந்தகத்துக்கு ஓடினேன். கம்பவுண்டர் வீட்டில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். மாலையில் அவர் வந்து கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "என்னைக் கேக்காம எதுக்கு வெளியே போனே?"

கார் நிஜமாகவே செத்துவிட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதும். பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நான் காலையில் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். டீச்சரம்மா பிரிக்காமல் என்னிடம் தருவார். கவரில் என் பெயர் வேண்டாம்.

கடைசி வீட்டிலிருந்து.


பிப்ரவரி 11

வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இதை நீங்களாக எழுதினீர்களா, அவர் சொல்லி எழுதினீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆகவே காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேறு எதையும் கேட்காதீர்கள்.

ஒரே நாளில் எந்த இன்ஜினும் சாகாது. சாவியைத் திருகியதும் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி இருக்கிறது. வாசம் வருகிறது என்றால் பெட்ரோல் போகிறது. மிச்சம் இருப்பது நெருப்பு. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுகிறதா என்று பாருங்கள்.

டிக்கியில் பழைய பிளக் ஏதாவது கிடக்கும். பழைய கார்க்காரர்கள் ஒன்றாவது போட்டுவைத்திருப்பார்கள். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் நாலு தடித்த ஒயர்கள் தெரியும். அவை நாலும் ஒரு வட்ட மூடியிலிருந்து வரும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்பது அதுதான். எதையும் தொடுவதற்கு முன், எந்த ஒயர் மூடியில் எந்த இடத்திலிருந்து எந்தப் பிளக்குக்குப் போகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். மூடியில் எண் ஏதாவது இருந்தால் அதையும் குறியுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.

பெட்ரோல் வாசம் அடங்கிய பிறகு ஒரு ஒயரைக் கழற்றி, அதன் நுனியில் அந்தப் பழைய பிளக்கைச் செருகுங்கள். பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் பட வேண்டும். கையால் பிடிக்காதீர்கள், தூக்கி அடிக்கும். துணி காயப்போடும் மரக் கிளிப் போதும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். யாரையாவது செல்ஃப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் பிளக்கைப் பாருங்கள்.

நீலப் பொறி வந்தால் ஒரு வழி. வராவிட்டால் இன்னொரு வழி. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒர்க்ஷாப்.


பிப்ரவரி 16

வணக்கம்.

செல்ஃப் போட எனக்கு யாரைக் கூப்பிட முடியும்? எங்களைத் தவிர எட்டே வீடுகள். எட்டு வீட்டுக்காரர்களும் அவரிடம்தான் வேலை பார்க்கிறார்கள். குட்டிக்கோ கால் எட்டாது. கடைசியில் பாத்ரூமில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிவந்து ஷெட் சுவரில் சாய்த்து வைத்தேன். கார்க் கதவைத் திறந்துவைத்து, டிரைவர் சீட்டிலிருந்து கண்ணாடியில் பிளக்கைப் பார்த்தேன். ஷெட்டில் இருட்டாக இருந்ததால் பொறி வந்தால் கட்டாயம் தெரியும்.

வரவில்லை. நாலு ஒயரிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

கண்ணாடியைத் திரும்ப மாட்டும்போது ஆணியில் இடித்து ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டது. சோப்பு டப்பா விழுந்து உடைந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறேன். "நீ தொடற சாமான் எதுதான் உருப்படியா இருந்திருக்கு?" என்று சிரித்தார். அவர் கத்துவதில்லை. உங்களுக்குத் தெரியும்தானே? இதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. வேறு எதையும் கேட்காதே என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. மூடியில் இருந்த எண்ணை அதன் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். இந்தப் பொட்டலத்தில் உங்கள் சான்றிதழ்களும் இருக்கின்றன. அவர் சொல்லி நான் எழுதவில்லை என்பதற்கு வேறு என்ன காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதம் இருந்த அதே இழுப்பறையில் ஒரு ஃபைலில் இருந்தன; அதே தடிமனுக்குப் பழைய ரசீதுகளை வைத்து ஃபைலை மூடிவிட்டேன்.

அடுத்து என்ன செய்யட்டும்?


பிப்ரவரி 20

சான்றிதழ்கள் கிடைத்தன. அவற்றை எடுத்தது பெரிய முட்டாள்தனம். ஆனாலும் நன்றி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கணக்கில் தொண்ணூற்றாறு. எனக்கே மறந்துபோயிருந்தது.

இப்போது வேலையைப் பார்ப்போம். பிளக்குக்குப் பொறி வரவில்லை என்றால், அது எங்கே நின்றுபோகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். மூடியின் நடுவில் ஐந்தாவதாக ஒரு ஒயர் இறங்கும். பொறிக்கு வேண்டிய கரண்டை உண்டாக்கும் காயிலிலிருந்து வருவது அது. அதை மூடியிலிருந்து உருவி, நுனியை இன்ஜின் இரும்பிலிருந்து ஒரு பென்சில் கனம் தள்ளி மரக் கிளிப்பால் நிறுத்துங்கள். செல்ஃப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் பொறி இல்லையென்றால் காயிலோ பாயின்ட்டோ கெட்டிருக்கிறது, அது இயல்பாக வருகிற கோளாறுதான். அங்கே பொறி இருந்து பிளக்கில் இல்லையென்றால், கோளாறு அந்த மூடிக்குள். மூடியை இரண்டு கிளிப் பிடித்திருக்கும். நெம்பினால் வரும். உள்ளே என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

ஒரு கேள்வி. இது கார் சம்பந்தப்பட்டதுதான். கார் எந்த நாளில் நின்றது? அதற்கு முதல் நாள் வீட்டில் என்ன பேச்சு நடந்தது?

கத்தமாட்டார் என்று எனக்குத் தெரியும்.


பிப்ரவரி 26

அக்கா என்று எழுதிவிட்டு அடித்தேன், மறுபடியும் எழுதுகிறேன். ஊரில் நமக்கு வைத்திருக்கிற பெயர்கள் மூத்தாள், இளையாள். அந்த இரண்டும் எனக்கு வேண்டாம்.

நடு ஒயரில் பொறி வந்தது. நல்ல நீலம், சடக் சடக்கென்று சத்தத்தோடு வந்தது. சந்தோஷத்தில் குட்டியைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். பிறகு மூடியைத் திறந்தேன்.

உள்ளே நடுவில் ஒரு இரும்புத் தண்டு நிற்கிறது. தலையில் ஒரு வெட்டு. அதன்மேல் ஒன்றும் இல்லை. அக்கா, அங்கே ஏதோ ஒன்று உட்கார வேண்டும் என்பது படிக்காதவளுக்கும் புரியும். மூடியின் நடுவில் ஒரு கரிக்குமிழ், சுற்றி நாலு பித்தளை முனைகள். கரண்ட் நடுவில் வந்து இறங்கி, அந்த நாலுக்கும் போக வழியில்லாமல் நிற்கிறது. டிக்கியில் அப்பா வைத்திருந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். படத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கருப்புத் துண்டு இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். ரோட்டார் என்று போட்டிருக்கிறது.

அது தானாகக் கழன்று வெளியே விழாதே? இரண்டு கிளிப்பும் இறுக்கமாகத்தான் இருந்தன. என் நகம் பெயர்ந்துவிட்டது.

ஜனவரி பதிமூன்றாம் தேதி கார் நின்றது. பன்னிரண்டாம் தேதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடம், "குட்டியக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்ல பத்து நாள் இருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "தாராளமா போயேன்" என்றார். இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் நான் பையோடு போய்க் காரில் உட்கார்ந்தேன். பிடிக்கவில்லை. அவரே வந்து பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் குனிந்து பார்த்தார். கையெல்லாம் கிரீஸ் ஆனது. "ச்சே, உனக்கு நேரமே சரியில்லை" என்று வருத்தப்பட்டார். நான் அவருக்குக் கை கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தபோதும் அந்தத் துண்டு அவரிடம்தான் இருந்திருக்கிறது. நேற்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார், அதை விழுங்கவும் பயமாக இருக்கிறது.


மார்ச் 2

தங்கச்சி,

முதலில் இதைக் கேள். உனக்கு மூளை குழம்பவில்லை. நீ பார்த்தது சரி. ரோட்டாரை யாரோ கையால் எடுத்திருக்கிறார்கள். அது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்னிடம் அப்போது ஒரு ஸ்கூட்டர் இருந்தது. நான் எங்காவது போகிறேன் என்று சொன்னால் மறுநாள் அது ஸ்டார்ட் ஆகாது. அவர் சரிபார்த்துக் கொடுத்தால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். "இவளுக்கு மெஷின் ராசி கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். நாலு வருடம் அதை நம்பினேன். ஒரு நாள் அவருடைய ஷேவிங் டப்பாவில் பிளேடு தேடியபோது துணியில் சுற்றிய ஸ்கூட்டர் பிளக் ஒன்று கிடைத்தது, நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதை மாட்டிவைத்திருந்தார். அன்றைக்கே உச்சி வெயிலில் பதினாலு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்தேன். ஒரு செருப்பு பாதியில் அறுந்துவிட்டது. அப்புறம் சித்தப்பாவின் ஒர்க்ஷாப்பில் வந்து உட்கார்ந்தேன். என்னை எப்படி ஏமாற்றினார் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தொழிலையே கற்றேன்.

அந்தத் துண்டை வீட்டில் தேடாதே. எங்கே இருந்தாலும் நீ எடுத்தால் தெரிந்துவிடும். நீ அனுப்பிய எண்ணை வைத்துப் புதிது வாங்கிவிட்டேன். கிரேயான் பெட்டிக்குள் வைத்துப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். தண்டின் தலையில் உள்ள வெட்டோடு பொருந்தும்படி வைத்து அழுத்து. ஒரு பக்கமாகத்தான் உட்காரும். தப்பாகப் போட முடியாது. மூடி, கிளிப், அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை.

கிளம்பும் நாளுக்கு முன்னால் போடாதே. போட்டுப் பார்க்கிறேன் என்று ஸ்டார்ட் பண்ணியும் பார்க்காதே. சத்தம் கேட்கும். சிரித்துப் பேசு. சாப்பிடு. அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.


மார்ச் 7

அக்கா, பெட்டி வந்தது. ஆனால் என்னால் முடியாது.

நேற்று அவர் ஷெட்டுக்குள் போய்விட்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "பானெட் மேல தூசியே இல்லையே. யாரு துடைச்சா?" என்று கேட்டார். குட்டி விளையாடியிருப்பாள் என்றேன். குட்டியைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, "நீயாடா கண்ணு துடைச்சே?" என்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே தடவினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் என்னமோ புரிந்திருக்கிறது.

இன்று காலை மறுபடியும் ஷெட்டுக்குள் போனார். பத்து நிமிடம் இருந்தார்.

இனி எழுத வேண்டாம். டீச்சரம்மாவையும் இதில் மாட்டிவிடப் பயமாக இருக்கிறது. கிரேயான் பெட்டி பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.


மார்ச் 10

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

நீ வரைந்து அனுப்பிய படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவர் பத்து நிமிடம் ஷெட்டில் சும்மா நின்றிருக்க மாட்டார். ஒன்றைச் செய்துவிட்டு நிறுத்துகிற ஆள் இல்லை. இரண்டாவதாக ஒன்று இருக்கும். ரோட்டார் போட்டும் இன்ஜின் இருமினால், டப்பென்று வெடித்தால், பயந்து ஓடாதே. ஒயர்களை இடம் மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். எந்தப் பிளக்குக்கு எப்போது பொறி போக வேண்டுமோ அந்த வரிசை கலைந்திருக்கும். உன் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபண்ணு. அதை வரைந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒயரைப் பிடித்து இழுக்காதே, நுனியில் இருக்கும் ரப்பரைப் பிடித்து உருவு.

போவதும் போகாததும் உன் இஷ்டம். உன்னை நான் தள்ளமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தைப் படித்ததிலிருந்து நான் ஒர்க்ஷாப்பில் எதைத் தொட்டாலும் கீழே போடுகிறேன்.


மார்ச் 19

அக்கா,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நானும் குட்டியும் வந்துவிட்டோம். நீங்கள் திருப்பி அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் என்னால் முடியும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவர் கீழ் பம்ப் ஹவுஸுக்குப் போனார். ஒரு மணிக்குத்தான் சாப்பிட வருவார். பள்ளிக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். டீச்சரம்மா என் கையில் இருந்த கிரேயான் பெட்டியைப் பார்த்தார். "இன்னிக்கு உனக்கு லீவு. நான் ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பாட வைத்தார். சத்தமாகப் பாட வைத்தார்.

குட்டியைப் பின் சீட்டில் மருந்துப் பையோடு உட்காரவைத்தேன். "அம்மா, கார்தான் செத்துப்போச்சே?" என்றாள். ரோட்டார் நீங்கள் சொன்னபடியே டக்கென்று உட்கார்ந்தது. சாவியைத் திருகினேன். இருமியது. மறுபடி திருகினேன். டப்பென்று ஒரு வெடி, ஷெட்டே அதிர்ந்தது. குட்டி வீரிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஸ்டோர் கீப்பரின் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் போன் இருக்கிறது.

எனக்கு அப்படியே இறங்கி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பொய் சொல்லவில்லை அக்கா, ஒரு காலைக் கீழே வைத்தேன். அப்போதுதான் படம் ஞாபகம் வந்தது. சட்டைக்குள் வைத்திருந்தேன், வியர்வையில் நனைந்திருந்தது. பார்த்தால் நாலு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஒன்றுகூட அதன் இடத்தில் இல்லை. ரப்பரைப் பிடித்து உருவினேன், செருகினேன். ஒன்று கை வழுக்கி இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. விரலை விட்டு நெம்பி எடுத்தேன். அந்த நேரம் முழுக்க ஜீப் வருகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜீப் வரவில்லை. என் காதுக்குள் கேட்டது அது.

மூன்றாவது தடவை பிடித்தது.

கேட்டில் கம்பி இறங்கியிருந்தது. வாட்ச்மேன் வெளியே வந்து காருக்குள் குனிந்து குட்டியைப் பார்த்தார். "ஐயா சொல்லியிருக்காரும்மா. இந்த வண்டி வெளிய போனா உடனே போன் பண்ணணுமாம்" என்றார். அவர் தலையைச் சொறிந்தார். "போன் பண்ணித்தான் ஆகணும். கண்ணாடியக் காணோம். தேடிப் போட்டுக்கிட்டுத்தான் பண்ணணும்." கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. கம்பியைத் தூக்கினார்.

கீழ் பம்ப் ஹவுஸைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு பாதை கிடையாது. அவர் மேடையில் நின்று ஏதோ மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். கார்ச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கையைக் காட்டி நிறுத்தவில்லை. ஜீப்பை நோக்கி ஓடவும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வழியில் எங்கேயும் காரை அணைக்கவில்லை. குட்டி மூத்திரம் வருகிறது என்று அழுதபோதும் இன்ஜினை ஓடவிட்டுத்தான் இறக்கினேன். அணைத்தால் மறுபடி பிடிக்காது என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அணைக்க வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். "வண்டிய ஆஃப் பண்ணுடி" என்றாள் அம்மா. "ஆஃப் பண்ணா ஸ்டார்ட் ஆகாதும்மா" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தாள். மறுபடி திருகினாள். பிடித்தது. அணைத்தாள், திருகினாள். அதுவரை கார்ச் சாவியையே தொட்டிராத அம்மா. நான் அழுது முடிக்கும்வரை அப்படிச் செய்துகொண்டே இருந்தாள்.


மார்ச் 27

தங்கச்சி,

உன் கடிதத்தைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அவர் இங்கே வந்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்தார். நான் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தேன். முதலில் ஷூவைத்தான் பார்த்தேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஷூவைப் பார்த்ததும் என் உடம்பு அப்படியே உறைந்துவிட்டது. உள்ளேயே கிடந்தேன். "வெளிய வா. நான் என்ன புலியா?" என்றார். சிரிப்பு மாறவே இல்லை.

நான் வெளியே வந்ததும் மேஜையில் ஒரு பொருளை வைத்தார். பழைய ரோட்டார். "இது எங்க கார்ல உள்ளதுதானான்னு பாரு. ஷெட்டுல கிடந்துச்சு. நீதான் இப்ப பெரிய மெக்கானிக் ஆச்சே" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சான்றிதழ் ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறார்.

எனக்குச் சொல்ல ஆயிரம் பதில் இருந்தது. இந்த ஆறு வருடமும் பல் தேய்க்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த பதில்கள். ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா வந்து என் பக்கத்தில் நின்றார். பக்கத்துக் கடை டயர்க்காரரும் அதைப் பார்த்துவிட்டு வீல் ஸ்பேனரோடு வந்து சும்மா நின்றார். ஜீப்பில் வந்தவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, "உடம்பப் பார்த்துக்க" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். ரோட்டாரை எடுத்துக்கொள்ளவில்லை. அது அவருக்கு வெறும் வேடிக்கை. மூன்று பேர் பார்க்க அவர் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். கவரில் போட்டுத் தேதி எழுதி, சித்தப்பாவிடமும் டயர்க்காரரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இனி உனக்கு எழுத முடியாது. உன் கல்யாணம் எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தவர் ஒருவர் பத்திரிகையைக் காட்டினார். அதில் உன் அப்பாவின் முகவரி இருந்தது. ஒரு கார்டு எழுதினேன். 'இந்த ஆளுக்குப் பெண் கொடுக்க வேண்டாம்' என்று ஒரே வரி. தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவர் கையெழுத்தைக் கண்டுபிடித்து இங்கே வந்துவிடுவாரோ என்று பயந்தேன். இப்போது எப்படியும் வந்துவிட்டார். அன்றைக்கே போட்டிருக்கலாம்.


ஏப்ரல் 4

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று கோபம் வந்தது. நாலு நாள் எழுதவில்லை. குட்டிக்கு மூச்சிரைத்த அந்த மதியம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஒரு கார்டு. அதற்கு ஒரு தபால்தலை.

பிறகு யோசித்தேன். அது வந்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். பெண் பார்க்க வந்தபோதே அவர் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். "பாவம், அவளுக்கு மனசு சரியில்லை. நான் எவ்வளவோ பார்த்துக்கிட்டேன்" என்று கண் கலங்கினார். எனக்கு உங்கள்மேல் பரிதாபம் வந்தது, அவர்மேல் மரியாதை வந்தது. இப்போது அதே வார்த்தைகளை என்னைப் பற்றிக் கோர்ட்டில் சொல்லியிருக்கிறார். எனக்கு மனநிலை சரியில்லை, பழுதான காரில் நோயாளிக் குழந்தையை ஏற்றிக்கொண்டு ஓடினேன், குட்டியைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனு.

வக்கீலம்மாவிடம் நம் கடிதங்களைக் காட்டினேன். "காகிதம் மட்டும் போதாது. இந்த ஆள் இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் பண்ணினார்னு கூண்டுல ஏறிச் சொல்ல ஒருத்தர் வேணும்" என்றார். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி விசாரணை. அவரும் வருவார். எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

வர முடியாது என்றால் கோபப்பட மாட்டேன். லாரிக்கு அடியில் உறைந்து கிடந்தேன் என்று எழுதினீர்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. வருவீர்களா?


ஏப்ரல் 9

தங்கச்சி,

விவாகரத்து சமயத்தில் நீதிபதி என்னிடம் காரணம் கேட்டார். 'ஒத்துப்போகவில்லை' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்கூட்டர், பிளக் என்றெல்லாம் சொன்னால் சிரிப்பார்களோ என்று பயம். ஒரு பெண் கோர்ட்டில் நின்று 'என் பிளக்கை ஒளித்துவைத்தார்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால்தான் இத்தனை வருடம் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

இருபத்திரண்டாம் தேதி வருகிறேன். கவரையும் கொண்டுவருகிறேன். சித்தப்பாவும் வருகிறார், டயர்க்காரரும் கடையை அடைத்துவிட்டு வருகிறாராம். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடப் போகிறேன். இரண்டாவது பஸ் வரைக்கும் காத்திருந்தால் எனக்கு யோசனை வந்துவிடும்.

கூண்டில் ஏறும்போது குரல் வராமல் போனால், நீ எனக்கு நேராகத் தெரியும் இடத்தில் உட்கார். நான் அவரைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சொல்கிறேன்.

நாம் இதுவரை பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கோர்ட் வாசலில் பத்து மணிக்கு நிற்பேன். பச்சைப் புடவை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகத்துக்குள் இருக்கும் கருப்பு போகாது. அதைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள். கண்டுபிடித்ததும் தள்ளி நின்று யோசிக்காதே, நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொள்.

அக்கா.